தழும்புக்கு அடியில் வளர்வது

எங்கள் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வரும் தோல் மாதிரிகளில் என்னை அதிக நேரம் உட்கார வைப்பது டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டூபரன்ஸ் என்னும் தோல் புற்றுநோய். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் டி.எஃப்.எஸ்.பி. என்றே சொல்லிக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே வரும் இந்தப் புற்று, தடித்த தழும்பு போலத் தோன்றி, வலியின்றிப் பல ஆண்டுகள் மெதுவாக வளர்வதால், நோயாளி அதைப் பொருட்படுத்துவதில்லை. மருத்துவரும் கெலாய்டு எனப்படும் மிகைத் தழும்பு என்றோ கொழுப்புக் கட்டி என்றோ எண்ணிவிடுவதுண்டு.

தோளில் கட்டியோடு வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்கும் அதுவே நடந்திருந்தது. முன்பு வேறோர் இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு அகற்றிய கட்டியை யாரும் பயாப்சிக்கு அனுப்பவில்லை. பழைய தழும்பிலேயே அது மீண்டும் முளைத்துவிட்டது. எவ்வளவு சிறிய கட்டியானாலும் பரிசோதனைக்காகத் திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் புட்டிக்குள் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

அவருடைய ஸ்லைடில் நீண்டு மெலிந்த செல்கள் கோரைப்பாய் முடைந்ததுபோல் பின்னிக் கிடந்தன. கீழே அவை கொழுப்புச் செல்களின் இடுக்குகளில் தனித்தனி இழைகளாகப் புகுந்திருந்தன. கையால் தொட்டு உணரும் எல்லைக்கு வெகு தூரம் தாண்டியும் நோய் பரவியிருப்பது இதனால்தான். சிடி34 என்னும் புரதம் இருக்கும் செல்களைக் காட்டிக்கொடுக்கும் சாயம் ஏற்றியதும் ஏறக்குறைய எல்லாச் செல்களும் பழுப்பாயின. டெர்மட்டோஃபைப்ரோமா என்னும் தீங்கற்ற சாதாரணத் தோல் கட்டி பெரும்பாலும் அந்தச் சாயத்தை ஏற்பதில்லை. ஐயம் நீடித்தால், இந்நோயின் அடையாளமாக 17, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்போம்.

எம்.ஆர்.ஐ. எடுத்து ஆழத்தை அறிந்த பின், கட்டியைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து, அடியில் தசை உறை வரை வெட்டினார்கள். எந்தப் பக்கம் எது என்று காட்ட நூல் கட்டி அனுப்பியிருந்த அந்தத் துண்டின் விளிம்புகளுக்கு நான் மை பூசி அறுத்துப் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் மட்டும் புற்றுச் செல்கள் மையைத் தொட்டு நின்றன; அந்தப் பக்கம் வெட்டியது போதவில்லை என்று பொருள். எங்கள் அறிக்கைக்காக அறுவை மருத்துவர் தோல் ஒட்டும் வேலையைத் தள்ளி வைத்திருந்தது எவ்வளவு நல்லதாயிற்று! ஒட்டியிருந்தால் அதையும் பிரித்தல்லவா வெட்டியிருக்க வேண்டும். இரண்டாம் முறை அகற்றிய பகுதியின் விளிம்புகள் சுத்தமாக இருந்தன.

அறுவைக்கு இடமில்லாத கட்டிகளுக்கும், திரும்ப வந்தவற்றுக்கும், பரவியவற்றுக்கும் இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இவருக்கு அது தேவைப்படவில்லை. இந்நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது, வெட்டிய இடத்திலேயே திரும்புவதுதான் அதிகம் என்பதால், ஆண்டுக்கணக்கில் தழும்பைத் தடவிப் பார்க்கும் பரிசோதனைக்கு அவர் வந்துகொண்டிருக்கிறார்.