எந்தத் திருப்பத்தூர்?

அழைப்புப் பத்திரிகையில் வெறும் 'திருப்பத்தூர்' என்று போட்டால் சென்னைக்காரர்கள் ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் ஏறிவிடுவார்கள். அதனால் அப்பச்சி கீழே 'சிவகங்கை மாவட்டம்' என்று சேர்க்கச் சொல்வார்.

வடக்கே இருக்கும் அந்தத் திருப்பத்தூருக்கு ஏலகிரி மலை, காவலூர் தொலைநோக்கி என்று பெருமை. 2019-ல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. நம்மூர் இன்னும் தாலுகாதான். சரி, போகட்டும். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைக் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) தூக்கிலிட்டது இங்கேதான். நினைவு மண்டபத்தில் ஆண்டுதோறும் அந்த நாளில் மாலைகள் குவியும், சாலையெங்கும் போலீஸ். மற்ற நாளில் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூட்டமெல்லாம் திருத்தளிநாதர் கோயில் யோக பைரவருக்குத்தான், அதுவும் தேய்பிறை அஷ்டமி என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், திருச்சிப் பக்கம் பிரம்மா சன்னிதிக்குப் பேர்போன திருப்பட்டூர் வேறு. டிக்கெட் எடுக்கும்போது மாவட்டத்தையும் சொல்லிவிடுங்கள்.