நடுவானில் விழும் சிமுலேட்டர்: ஒரு கணினி, இரண்டு கோளாறு

"மற்ற கேம் எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஃபிளைட் சிமுலேட்டர் (விமானம் ஓட்டும் கேம்) மட்டும்தான் விழுகிறது, அதாவது கிராஷ் ஆகிறது. அப்படியென்றால் கோளாறு சிமுலேட்டரில்தான்." பலரை வாரக்கணக்கில் சுற்றவிடுவது இந்த முடிவுதான். சிமுலேட்டர் புராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், டிஸ்க், நெட் ஐந்தையும் ஒரே நேரத்தில், அதுவும் மூன்று நான்கு மணி நேரம் இடைவிடாமல் பிழியும். அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிந்து மெனுவுக்குத் திரும்பும் கேமில் ஒளிந்துகொள்கிற கோளாறு இங்கே ஒளிய முடியாது.

இங்கே சொல்லப்போகிற கணினியில் 8 கோர் புராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 320 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு, 750 வாட் பவர் சப்ளை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-உம் எக்ஸ்-பிளேன் 12-உம் இரண்டுமே விழுந்தன. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகும் விழுந்தன. அந்த ஒரு நாள் வேலை வீண். அதை முதலில் செய்யாதீர்கள்.

முதல் கேள்வி, எப்படி விழுகிறது என்பது. கேம் மட்டும் சத்தமில்லாமல் மறைந்து டெஸ்க்டாப் தெரிகிறதா? நீலத்திரை வருகிறதா? படக்கென்று இருண்டு கணினியே மறுபடி கிளம்புகிறதா? மூன்றுக்கும் வழி வேறு. இந்தக் கணினியில் முதலாவதும் மூன்றாவதும் மாறி மாறி வந்தன. ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறி என்று எடுத்துக்கொண்டதுதான் ஆரம்பத்தில் செய்த தவறு.

அடுத்து பார்க்க வேண்டியது விண்டோஸ் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர்: அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கணினி திடீரென அணைந்திருந்தால் கெர்னல்-பவர் 41 என்ற சிவப்பு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. 'முறையாக ஷட்டவுன் ஆகாமல் கிளம்பியிருக்கிறது' என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோடு என்று ஒரு எண் இருக்கும், அதுதான் பயன்படும். 278 என்றால் டிஸ்ப்ளே டிரைவர் மீளவில்லை. 292 என்றால் ஹார்டுவேரே பிழை அறிவித்திருக்கிறது. 26 என்றால் நினைவக நிர்வாகப் பிழை. 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைக்கவில்லை: மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது கணினி முழுசாக உறைந்திருக்கலாம். இங்கே எல்லா வரியிலும் 0.

கேம் மட்டும் மூடியதற்கான பதிவு அப்ளிகேஷன் பக்கத்தில், 1000 என்ற எண்ணோடு இருக்கும். 'ஃபால்டிங் மாட்யூல்' என்ற இடத்தில் கிராபிக்ஸ் டிரைவரின் கோப்போ ஆட்ஆன் (சிமுலேட்டரில் நாமே சேர்க்கும் கூடுதல் விமானம், விமான நிலையம் போன்றவை) கோப்போ இருந்தால் துப்பு கிடைத்தது என்று அர்த்தம். சிமுலேட்டரின் பெயரே இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) ஒன்றும் தெரியாது. எக்ஸ்-பிளேன் இந்த விஷயத்தில் தாராளம். அதன் கோப்புறையிலேயே லாக் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது. பிளகின் (கூடுதலாகச் சேர்த்த நிரல்) காரணமாக விழுந்தால் கடைசி வரிகளில் பெயரைச் சொல்லியே எழுதிவிடும். ஆனால் சிமுலேட்டரை மறுபடி திறந்த நொடியில் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்பட்டுவிடும். விழுந்ததும் முதல் வேலை, அதை வேறிடத்தில் நகல் எடுத்து வைப்பது.

சோதனைக்கு ஒரே விமானம், ஒரே விமான நிலையம், ஒரே நேரம், ஒரே வானிலை என்று ஒரு பயணத்தை சேமித்துக்கொண்டோம். லைவ் வெதர், மற்றவர்களின் விமானங்கள் எல்லாம் ஆஃப். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இன்னொன்று: இரண்டு பயணத்துக்கு ஒரு தடவை விழும் கணினி, ஒரு பயணத்தை முழுசாக முடித்தால் அது எதையும் நிரூபிக்காது. எதையுமே சரிசெய்யாமல் தொடர்ந்து மூன்று பயணம் தப்பிக்கவே எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து தொடர்ந்து முடிந்தால்தான் 'சரியாயிற்று' என்று குறித்துக்கொண்டோம்.

டெஸ்க்டாப்புக்கு விழுவதை முதலில் எடுத்தோம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஆட்ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி கோப்புறையின் பெயரை மாற்றி, காலியாக ஒன்றை வைத்ததும் அது நின்றது. சரி, ஆட்ஆன்தான். உள்ளே 64 இருந்தன. பாதியை வெளியே எடுத்துவிட்டு ஓட்டு. விழுந்தால் உள்ளே இருக்கும் பாதியில் குற்றவாளி, விழாவிட்டால் வெளியே இருக்கும் பாதியில். 64-லிருந்து ஒன்றுக்கு வர ஆறே படி. கடைசியில் ஒரு பெரிய விமான நிலையத்தின் சீனரி மாட்டியது. அதை நீக்கியதும் ஐந்து பயணமும் முடிந்தன.

பத்து நாள் கழித்து, கட்டடங்கள் நெருக்கமான இன்னொரு நகரத்தின் மேல் இறங்கும்போது மறுபடி அதேபோல் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்தத் தடவை டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்தே ஓட்டினோம். ரேம் 24 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்தது. பார்த்தவுடன் தாராளமாகத் தெரியும். அதற்குக் கீழே 'கமிட்டட்' என்ற இடத்தில் 35.4/35.8. அங்கேதான் குட்டு உடைந்தது.

விண்டோஸ் நிரல்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூடிய மொத்த நினைவகம் என்பது ரேமும் பேஜ் ஃபைலும் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் விண்டோஸ் ஒதுக்கும் கோப்பு) சேர்ந்தது. நிரல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் தொடாத இடமும் அந்தக் கணக்கில் சேரும். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி இந்தக் கணினியில் பேஜ் ஃபைல் 4 ஜிபி என்று பூட்டப்பட்டிருந்தது. விண்டோஸை மறுபடி போட்டபோது, பழக்கதோஷத்தில் அதே அமைப்பும் திரும்ப வந்துவிட்டது! எல்லை தொட்டதும் சிமுலேட்டர் கேட்ட அடுத்த துண்டு கிடைக்கவில்லை, செத்தது. சிஸ்டம் லாகில் 2004 என்ற எண்ணில் 'விர்ச்சுவல் மெமரி குறைவு' என்ற எச்சரிக்கை முதலிலிருந்தே இருந்திருக்கிறது. மஞ்சள் முக்கோணம்தானே என்று கண் தாண்டிப் போயிருக்கிறது. பேஜ் ஃபைலை 'சிஸ்டம் மேனேஜ்டு' ஆக்கி, அது இருக்கும் டிரைவில் 60 ஜிபி காலியாக வைத்தோம். அந்த சீனரியையும் திரும்பப் போட்டாயிற்று. அது நிரபராதி, கனமானது, அவ்வளவே.

அடுத்தது மறுபடி கிளம்பும் கோளாறு. முதல் சந்தேகம் ரேம் மேல். எக்ஸ்எம்பி என்பது ரேம் பெட்டியில் அச்சிட்ட வேகமாக இருந்தாலும் நடைமுறையில் ஓவர்கிளாக்தான், அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அதை அணைத்து வழக்கமான 4800 வேகத்தில் ஓட்டினோம், அப்படியும் அணைந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க நான்கு சுற்று ஓடவிட்டதில் பிழை பூஜ்யம். (ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது.) புராசஸர் இன்டெலின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகையாக இருந்தால் இந்த இடத்தில் பயாஸைப் புதுப்பித்தே ஆகவேண்டும். மின்னழுத்தம் கூடி சில மாடல்கள் தேய்வதைத் தடுக்கும் மைக்ரோகோடு (புராசஸருக்கான உள் நிரல்) 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. அதற்காகத்தான் நிறுவனம் உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது.

பிறகு சூடு, மின்சாரம் போன்ற சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் அரை நொடிக்கு ஒரு வரி வீதம் கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு ஓட்டினோம். கணினி அணைந்ததும் கோப்பின் வாலைப் பார்க்க வேண்டும். கார்டு 68 டிகிரி, புராசஸர் 74 டிகிரி: சூடு காரணமில்லை. மேகத்துக்குள் இருந்தவரை கார்டு 190 வாட் எடுத்திருக்கிறது. மேகம் விலகி நகரம் தெரிந்த வரியில் 318. அதற்கடுத்த வரி இல்லை.

கிராபிக்ஸ் கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் நிரலில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கினோம். ஐந்து பயணம் சுத்தம். மின்சாரம்தான் என்பது உறுதி. புது பவர் சப்ளை வாங்கும் முன் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பார்த்ததில் விடை இருந்தது: கார்டின் இரண்டு 8 பின் பிளக்குக்கும் ஒரே கேபிள். நுனியில் ஒன்று, அதிலிருந்து வால் போல இன்னொன்று தொங்கும் வகை. மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும், மீதி சுமார் 245 வாட்டும் அந்த ஒற்றைக் கேபிள் வழியே போயிருக்கிறது. ஒரு 8 பின் பிளக்கின் கணக்கு 150 வாட். சென்சார் காட்டுவது சராசரி. மில்லிநொடிக் கணக்கில் எகிறுவது அதைவிட மிக அதிகம், எந்த லாகிலும் அது பதியாது. மின்னழுத்தம் கணநேரம் சரிந்தாலே கணினி ரீசெட் ஆகிவிடும். பிளக் கருகவில்லை, உருகவில்லை. பார்வைக்குப் புதுசு போலவே இருந்தது.

பவர் சப்ளையோடு வந்த இரண்டாவது கேபிளை எடுத்து, பிளக்குக்கு ஒன்றாக, அந்தப் பக்கமும் தனித்தனி சாக்கெட்டில் செருகினோம். வேறு பவர் சப்ளையின் கேபிளை இரவல் வாங்கிச் செருகவே கூடாது. கார்டு பக்கம் ஒரே மாதிரி பொருந்தினாலும் சப்ளை பக்கத்தில் பின் வரிசை மாடலுக்கு மாடல் வேறு, கார்டோ டிஸ்க்கோ எரிந்துபோகும்.

பவர் லிமிட்டை 100-க்குத் திருப்பி, எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு, இரண்டு சிமுலேட்டரிலும் ஐந்தைந்து பயணம் ஓட்டியாயிற்று. ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பது) 40-க்கு மேல் போகாமல் கட்டியிருந்தோம், அது மட்டும் அப்படியே இருக்கிறது. மெனு திரையில் கார்டு காரணமே இல்லாமல் முழு வேகத்தில் ஊளையிடுவது அதனால் நின்றது.