கொல்லிமலைப் பாறைகளில் முடவாட்டுக்கால்

2025 மே 18

மலையடிவாரத்தில், காரவள்ளியில் வெயில் கொளுத்தியது. எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வந்த பிறகும் சூடு குறையவில்லை. செம்மேட்டைத் தாண்டி, வழக்கமாகப் பார்க்கும் பாறைச் சரிவுக்குப் போனேன். முடவாட்டுக்கால் என்ற பெரணி செத்துக் கிடப்பது போலத்தான் தெரிந்தது. பச்சை இலையெல்லாம் உதிர்ந்து, நடு நரம்புகள் மட்டும் குச்சி குச்சியாக நின்றன.

ஆனால் அடியில் கையை விட்டுப் பார்த்தால் நிலவரம் வேறு. இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலை. ஒரு வகை காம்புள்ளது, ஆழமாகப் பிளந்தது, ஒரு மீட்டர் வரைக்கும் நீளும். ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி விடும் தூள், பிடிப்பது இதில்தான். கோடையில் உதிர்ந்துவிடும். இன்னொரு வகைக்குக் காம்பே கிடையாது. அகலமான இந்தச் சின்ன இலை தண்டை அணைத்தபடி இருக்கும். சீக்கிரமே பழுப்பாகி மொடமொடவென்று காய்ந்துவிடும், ஆனால் விழாது. மேலேயிருந்து வரும் சருகு, தூசி, பூச்சி எச்சம் எல்லாம் அதற்குள் சேர்ந்து மக்கும். வேர் அந்த மக்கில்தான் ஓடுகிறது. மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி. நான் விலக்கிப் பார்த்த ஒரு இலைக்குள், அந்த வெயிலிலும், விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரம் இருந்தது.

2025 ஜூன் 22

ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம் சூப் கடைகள். ஒரு ஆயா கிழங்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிழங்கு என்று எல்லோரும் சொன்னாலும் அது பாறையில் படர்ந்து போகும் தண்டு. மேலெல்லாம் பழுப்புச் செதில், பார்க்க ரோமம் மூடிய ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் செதிலைச் சுரண்டிவிட்டுத் தோலைச் சீவினால் உள்ளே வெளிர் பச்சை. துண்டு போட்டு நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு நன்றாகக் கொதிக்க விடுகிறார்கள்.

"முன்னாடியெல்லாம் வீட்டுக்குப் பின்னாடி பாறையிலயே கெடைக்கும் கண்ணு. இப்ப பசங்க விடியக் காலையில போனா மத்தியானம்தான் வர்றாங்க" என்றார்.

ஏன் ஆயா என்று கேட்டேன். கடைக்கு வருகிறவர்கள் குடிக்கும் சூப்புக்குக் கொஞ்சம்தான் ஆகுமாம். பார்சல்தான் அதிகம். வீடியோ பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிலோ கணக்கில் கேட்கிறார்கள், கூரியரில் போகிறது.

மூட்டு வலிக்கு நல்லது என்று மலை மக்கள் தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். சீனாவிலும் இதே பேரினத்தின் இன்னொரு பெரணியை எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகிறார்கள். விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் வீக்கத்தைக் குறைக்கும் தன்மை தெரிந்திருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் உலகத்தில் உள்ள எல்லா நோயும் தீரும் என்று கேமரா முன்னால் சொல்லி விற்பது அநியாயம். நோயாளியும் ஏமாறுகிறார், பாறையும் மொட்டையாகிறது.

2025 ஜூலை 6

மலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து இதன் பரவலைக் குறித்து வைத்தேன். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் பாலிபோடியம் பேரினத்தில் வைத்துப் பெயரிட்ட செடி இது. பிறகு டிரைனேரியா குவெர்சிஃபோலியா ஆனது. இப்போது சிலர் அக்லேயோமார்ஃபா பேரினத்தில் சேர்க்கிறார்கள். இந்தியா, இலங்கையில் தொடங்கி பர்மா, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாக ஆஸ்திரேலியாவின் வட பகுதி வரைக்கும் இருக்கிறது. கேரளத்தில் தென்னை மரத்திலும் செம்பாறாங்கல் சுவரிலும் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அதனால் உலகக் கணக்கில் இதை ஆபத்தான இனம் என்று யாரும் சொல்ல முடியாது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சையாத்தியா போன்ற மரப் பெரணிகள் இருக்கின்றன, இது இல்லை. அதெல்லாம் சரி. ஆனால் கேரளத்துத் தென்னையில் எவ்வளவு இருந்தாலும் கொல்லிமலைப் பாறையில் காலியானது காலியானதுதான். எனக்குக் கவலையெல்லாம் இந்த மலையைப் பற்றித்தான்.

2025 ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. வல்வில் ஓரி விழாவும் சேர்ந்துகொண்டதால் மலை முழுக்க வண்டி. அறப்பளீஸ்வரர் கோவில் பக்கம் நிற்க இடமில்லை. சாலையோரம் சாக்கு விரித்து முடவாட்டுக்கால் குவித்திருந்தார்கள்.

ஒரு குவியலைக் கொஞ்ச நேரம் கிளறிப் பார்த்தேன். விரல் தடிமன்கூட இல்லாத இளந்தண்டுகள் நிறைய இருந்தன. பலவற்றில் நுனி அப்படியே இருந்தது. தங்க நிறச் செதிலோடு மென்மையாக இருக்கும் அந்த நுனிதான் அடுத்த ஆண்டு வளர வேண்டிய பாகம். சூப்புக்கு அதில் ஒன்றும் இல்லை, எடை மட்டும்தான் கூடும். கம்பியை விட்டு நெம்பி மொத்தப் படுக்கையையும் பெயர்த்தால் இப்படித்தான் வரும். கூடவே சேர்ந்திருந்த மக்கும் போய்விடும். அதில் வேர்விட்டிருந்த சின்ன ஆர்க்கிட்களுக்கும் பிறகு இடமில்லை.

2025 செப்டம்பர் 14

நல்ல மழை. பாறையெல்லாம் பச்சை. இடுக்குகளில் மயில்சிகைகூட விரிந்திருந்தது. வெயிலில் சுருண்டு நூலாகக் கிடந்துவிட்டு நாலு தூறலில் விசிறியாக விரியும் குட்டிப் பெரணி. அதற்கே ஒரு நாள் தனியாக எழுத வேண்டும்.

முடவாட்டுக்கால் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பக்க நரம்புகளுக்கு நடுவே இரண்டிரண்டு வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்போர் பைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு இலையிலேயே எண்ண முடியாத அளவு ஸ்போர் இருக்கும். அப்புறம் ஏன் காலியான பாறையில் திரும்ப வருவதில்லை என்றால், ஸ்போர் விழுந்தவுடன் செடி வந்துவிடாது. முதலில் நகக்கண் அளவில், மெல்லிய பச்சைத் தகடு போல, புரோதாலஸ் என்ற ஒன்று வரும். ஆண் செல் அதன் அடிப்பக்கத்து நீர்ப்படலத்தில் நீந்திப் போய் முட்டையைச் சேர வேண்டும். அது வரைக்கும் ஈரம் காயக் கூடாது. பாசியும் மக்கும் இருக்கும் பாறையில் இது நடக்கும். சுரண்டி எடுத்த மொட்டைப் பாறை காலையில் நனைந்து மதியமே சுடுகிறது.

2025 அக்டோபர் 19

ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். எடுக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை மலைவாழ் மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. எப்படி எடுக்கிறோம் என்பதைத்தான் பேசினோம். அவர் மகனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "எங்கப்பா கொணையை விட்டுட்டுத்தாங்கா அறுப்பாரு. இப்ப நாங்க விட்டுட்டு வந்தா அடுத்தவன் வந்து நெம்பிட்டுப் போயிர்றான்" என்றார். கொணை என்றால் நுனி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்க் கூட்டத்தில் பேசி, எந்தப் பாறை எந்த வருடம் என்று முறை வைத்தால்தான் உண்டு.

அது ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, விற்காமல் கழித்துப் போட்டிருந்த நுனித் துண்டுகளைப் பொறுக்கினோம். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களில் நிழல் பக்கமாக வைத்து, தேங்காய் நார் கொடுத்து வாழை நாரால் கட்டினோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையிலும் இடுக்கு பார்த்துச் சில துண்டுகளைச் செருகினோம். நுனி இருக்கும் துண்டு பிடித்துக்கொள்ளும், நர்சரிக்காரர்கள் இப்படித்தான் பெருக்குகிறார்கள். விற்கும் தடிமன் வர வருடங்கள் ஆகும் என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை.

"தோட்டத்துக் கெழங்குன்னு சொன்னா வாங்குவாங்களா?" என்று ஆயா கேட்டார். காட்டுக் கிழங்குதான் வீரியம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்களாம். கார்த்திகையில் திரும்பப் போகிறேன். அதற்குள் கட்டு அவிழ்ந்ததை எல்லாம் மறுபடி கட்டிவைப்பதாக மகன் சொல்லியிருக்கிறார்.