ஆர்.பி.ஆர். பாசிட்டிவ் என்றதும் சிபிலிஸ் கோடு போடலாமா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நர்சிங், பார்மசி முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு (மருத்துவர் எழுதியதை நோய்க் குறியீடுகளாக, அதாவது 'கோடு'களாக மாற்றும் வேலைக்கு) வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கும்போது, அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளில் நான் மிகவும் நிதானிக்கச் சொல்லும் இடம் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய். ஆய்வக அறிக்கையில் பாசிட்டிவ் என்று கண்டதும், மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாராமல், நிலை குறிப்பிடாத அறிகுறியற்ற சிபிலிஸுக்கான ஏ53.0 கோட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆர்.பி.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனை சிபிலிஸ் கிருமிக்கே உரியதன்று. கர்ப்ப காலத்திலும், லூபஸ் போன்ற நோய்களிலும், சிபிலிஸ் இல்லாதவருக்கும் அது பாசிட்டிவாக வரக்கூடும் என்பதால், அந்தக் கிருமிக்கே உரிய டி.பி.எச்.ஏ. போன்ற பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த டி.பி.எச்.ஏ.யோ சிகிச்சை பெற்றுக் குணமான பின்னும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவாகவே நிற்கும். ஆகவே பரிசோதனை முடிவைப் பார்த்து நோயை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. கோடரின் வேலை அன்று. வெளிநோயாளர் சார்ட்டில் 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று எழுதப்பட்டதை நோயாகக் கோடு செய்யக் கூடாது என்று விதியே இருக்கிறது. சிகிச்சை முடிந்த பழைய நோய் என்று மருத்துவர் எழுதியிருந்தால், முன்பு வந்துபோன தொற்றுநோயைக் குறிக்கும் இசட்86.19 போதும். தக்கலையில் ஒருவருக்கு இந்த நோய் என்று தவறாகப் பதிவானால் அவர் குடும்பம் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். முகம் தெரியாத அமெரிக்கருக்கும் அதே நீதிதான்.

நோயின் நிலையில்தான் சிக்கல் அதிகம். அறிகுறியற்ற சிபிலிஸில், தொற்றி 2 ஆண்டுக்கு உட்பட்டதை, அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.-10-சி.எம். தொடக்கநிலை என்று ஏ51.5-இல் வைக்கிறது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சிகிச்சை வழிகாட்டியோ 1 ஆண்டுக்கு உட்பட்டதையே தொடக்கநிலை என்கிறது. தொடக்கநிலைக்கு பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. பிந்திய நிலைக்கு அதே அளவு வாரம் ஒன்றாக 3 வாரம். தொற்றி 18 மாதம் ஆனவருக்கு மருத்துவர் நிலையைக் குறிப்பிடாமல் 3 வார ஊசி எழுதியிருந்தால், மாதக் கணக்கு ஒரு கோட்டையும் மருந்து வேறொரு கோட்டையும் காட்டும். அப்போது நாமே ஊகிக்காமல் மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதிலும் 'ஏ51.5 தானே?' என்று விடையை அவர் வாயில் திணிக்காமல், டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு), பரிசோதனைத் தேதி, கொடுத்த மருந்து ஆகியவற்றை எடுத்துக்காட்டி, நோயின் நிலையை எழுதித் தருமாறு மட்டுமே கேட்க வேண்டும்.