கேழ்வரகு தூவியது போல

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கேலி செய்துகொள்ள ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று அது நீளும். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு ஜலகண்டேசுவரர் 1981இலேயே திரும்பி வந்துவிட்டதால் கடைசி வரி செல்லாமல் போய்விட்டது. காலியான அந்த இடத்தில் நான் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: வியாதி இல்லாத நோயாளி. இந்த வட்டாரத்தில் தோல் மருத்துவராக 17 வருடம் உட்கார்ந்ததில், வியாதியோடு வந்தவர்களைவிட இவர்கள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஒரு சித்திரை மாதத்து மாலை. எங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அக்கா உள்ளே வந்து, "ஒரு பெரியவர் மூன்று தடவை தன் நம்பரை விட்டுக்கொடுத்துவிட்டார்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. படர்தாமரையோ பொடுகோ உள்ளவர்கள் நம்பருக்காகச் சண்டை போடுவார்கள். கூட்டம் வடியும்வரை, "நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள்" என்று வழிவிடுபவருக்குச் சொல்லக் கூசும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசி ஆளாக வந்தார். வயது 58. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். உட்கார்ந்ததும் மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு வேட்டியை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பேறிய கறை.

"ரத்தம்" என்றார்.

"எங்கிருந்து?"

சுவரில் மாட்டியிருந்த தினக்காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "கீழே" என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்கு இருக்கும் ஒரே பெயர் "கீழே"தான். பெண்கள் "அடியில்" என்பார்கள். செய்தித்தாள்களோ "மர்ம உறுப்பு" என்று எழுதி, உடம்பின் ஒரு பாகத்தைத் துப்பறியும் இலாகாவுக்கு மாற்றிவிட்டன. விதைப்பை என்று பாடநூலில் படித்தவர்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நானும் முதல் சில வருடங்கள் "அந்த இடம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மருத்துவரே சுற்றி வளைத்தால் நோயாளி எப்படி நேராகச் சொல்வார்? இப்போது விதைப்பை என்றே சொல்கிறேன். ஒரு நொடி திடுக்கிடுகிறார்கள். பிறகு பேச்சு எளிதாகிவிடுகிறது.

மூன்று வாரமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. கறை பட்ட வேட்டிகளை இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு குழாயடியில் தானே துவைத்திருக்கிறார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்காத மனிதர் நள்ளிரவில் சோப்பும் கையுமாக உட்கார்ந்தால் எந்த மனைவிதான் சும்மா இருப்பார்? வீட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு சந்தேகம், இந்தப் பக்கத்தில் ஒரு பயம். இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

ஆண் உதவியாளர் ஒருவரைத் திரையோரம் நிற்கச் சொல்லிவிட்டு, பெரியவரின் சம்மதத்தோடு பார்த்தேன். விதைப்பைத் தோலில் இருபது, இருபத்தைந்து புள்ளிகள். கேழ்வரகைத் தூவியது போலவே இருந்தன: அதே அளவு, அதே கருஞ்சிவப்பு. இரண்டு மூன்று மட்டும் நீலம் பாய்ந்து மிளகு நிறத்துக்கு வந்திருந்தன. தடவினால் மேலே லேசான சொரசொரப்பு. கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்தியபோது சிறிய புள்ளிகள் வெளுத்தன, எடுத்ததும் சிவப்பு திரும்பியது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தால் ஒவ்வொன்றும் மாதுளை முத்துகளை நெருக்கி வைத்தது போலத் தெரியும். அதில் ஒன்றைத்தான் புழுக்கத்தில் நகத்தால் கீறியிருக்கிறார்.

கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. அதன் பெயர் ஆஞ்சியோகெரட்டோமா. தோலின் மேலடுக்குக்குக் கீழே இருக்கும் நுண்ணிய ரத்த நாளங்கள் விரிந்து, அவற்றின் மேல் தோல் சற்றுத் தடித்துப் போவதுதான் விஷயம். விதைப்பையில் வருவதை, அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் பார்த்து 1896இல் விவரித்தவர் ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். வயது ஏற ஏற இது அதிகமாகத் தென்படும். விதைப்பைக்குள் நாளப் புடைப்போ குடலிறக்கமோ இருந்து ரத்தம் திரும்பிப் போவதில் அழுத்தம் கூடுபவர்களிடமும் காணலாம். பலருக்குக் காரணம் எதுவுமே இருப்பதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பால்வினை நோய் கிடையாது. புற்றுநோயாகவும் மாறாது. ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். அடிக்கடி கசிந்து தொல்லை கொடுப்பதை மின்சூட்டாலோ லேசராலோ பொசுக்கிவிடலாம். மற்றவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தனையையும் சொன்னேன். வெண்மை படிந்த அந்தப் பெரிய உள்ளங்கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "டாக்டரம்மா, ரத்தம் சரியாக வடியாத ஆட்டின் தோலைப் பதனிட்டால் நரம்பு நரம்பாகத் தெரியும். வேர் ஓடியது போல இருக்கும். தோலுக்குப் பலம் குறையாது, பார்வைதான் குறையும். நாங்கள் அதைக் கீழ்த்தரத்துக்குத் தள்ளிவிடுவோம். என்னை எந்தத் தரத்தில் போடுவீர்கள்?" என்றார்.

நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். "முதல் தரம்தான், கீறல் மட்டும் போடாதீர்கள்" என்றேன்.

இப்படி உட்கார்ந்து விளக்கும் பொறுமை எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. ஒரு தப்பிலிருந்து வந்தது.

படிப்பு முடித்த புதிதில் வேறோர் ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இருந்தேன். காலையில் நூறு பேருக்குக் குறையாது. ஒரு நாள் 31 வயது இளைஞர், இதே புள்ளிகள். எட்டிப் பார்த்தேன். "ஒன்றுமில்லை, போங்கள்" என்றேன். அடுத்தவரை அழைத்தேன். நோயை நான் சரியாகத்தான் சொன்னேன், பாடநூலை வைத்துப் பார்த்தால் முழு மதிப்பெண்.

நான்கு மாதம் கழித்து நடக்க முடியாமல் காலை அகட்டி வைத்து வந்தார். "ஒன்றுமில்லை" என்று நான் சொன்னதை, "சொல்லும்படி ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் என்று நோட்டீஸ் ஒட்டுவார்களே, அப்படி ஒருவரிடம் போயிருக்கிறார். மேகநோய் (பால்வினை நோய்க்குப் பழைய பெயர்) முற்றிவிட்டது என்று சொல்லி, கரிக்கும் களிம்பு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். உடம்பிலேயே மருந்தை மிக அதிகமாக உறிஞ்சும் தோல் அது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்து முன்கையில் ஊடுருவுவதைப் போல விதைப்பையில் 42 மடங்கு ஊடுருவுகிறது என்று 1967இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே போய்க் கரிக்கும் களிம்பு! புள்ளிகள் அப்படியே இருந்தன, சுற்றியிருந்த தோல்தான் வெந்திருந்தது. மேகநோய் என்ற சொல் எப்படியோ வீட்டுக்குள் போய், மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. மற்றது ஆறியதா என்று எனக்குத் தெரியாது, அவர் பிறகு வரவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் "ஒன்றுமில்லை" என்று எப்போது சொல்கிறோம்? அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் என்ன என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பாள். மருத்துவர்கள் கைவிட்ட தாத்தாவின் கட்டிலருகே நின்று, "ஒன்றுமில்லை, இரண்டு நாளில் எழுந்துவிடுவீர்கள்" என்று மகன் சொல்வான். ஏதோ ஒன்று இருக்கும்போதுதான் தமிழில் அந்த வார்த்தை வருகிறது. கேட்பவருக்கும் அது தெரியும். ஆகவே அந்த இளைஞர் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது, தன் தாய்மொழியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

இப்போது நான் செய்வது வேறு. முதலில் பெயரைச் சொல்கிறேன். ஆஞ்சியோகெரட்டோமா என்று தமிழில் சீட்டில் எழுதியும் கொடுக்கிறேன். பெயர் கிடைத்ததும் பாதி பயம் வடிவதைக் கண்ணால் பார்க்கிறேன். பெயரிருந்தால் மற்றவர்களுக்கும் வந்திருக்கிறது என்றுதானே பொருள். பிறகு கருவியில் எடுத்த படத்தை அவர்களுக்கே காட்டுகிறேன். கடைசியில், அவர்கள் கேட்கத் தயங்கும் மூன்று கேள்விகளை நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன்: மனைவிக்கு ஒட்டாது, தாம்பத்தியத்துக்குத் தடையில்லை, குழந்தைப்பேற்றைப் பாதிக்காது.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போதெல்லாம் இளைஞர்கள் வாயைத் திறக்காமல் செல்போனை நீட்டிவிடுகிறார்கள். கழிவறை வெளிச்சத்தில் கை நடுங்க எடுத்த படத்தில் புள்ளியும் தெரியாது, இடமும் தெரியாது. ஒருவர் காட்டும்போது விரல் வழுக்கி அடுத்த படம் வந்துவிட்டது, குழந்தைக்குக் காது குத்தும் விழா. இருவரும் சிரித்துவிட்டோம், அதன் பிறகு பரிசோதனைக்கு அவரே எழுந்தார். இவர்களில் பலர் காட்டுவது சிவப்புப் புள்ளியாகக்கூட இருக்காது. மஞ்சள் மணல் போன்ற பொடி மணிகள், வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள். அவற்றுக்கும் ஃபோர்டைஸ் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் பெயரில் இரண்டு வெவ்வேறு சமாசாரங்கள்.

எல்லாப் பயமும் வீண் பயம் என்று தள்ளவும் முடியாது. சென்னை–பெங்களூரு சாலையில் லாரி ஓட்டும் ஒருவர் புள்ளிகளைக் காட்டி, "இது எய்ட்ஸ்தானே?" என்று நேரடியாகக் கேட்டார். சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் தெரியவந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில்தான். இந்தச் சாலையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்றெழுத்து கேள்விப்பட்ட வார்த்தையாக மட்டும் இருந்ததில்லை. புள்ளிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் முகம் தெளியவில்லை. பயத்தின் வேர் புள்ளியில் இல்லை, ஏதோ ஓர் இரவில் இருந்தது. எச்ஐவி பரிசோதனைக்காக அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினேன், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. புள்ளிகளைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பெண்கள் இதற்காகத் தாமாக வருவது அபூர்வம். கர்ப்ப காலத்திலும் நாளங்கள் புடைத்தவர்களுக்கும் பெண்ணுறுப்பின் வெளி இதழ்களில் இதே புள்ளிகள் வரும். பெரும்பாலும் பிரசவ அறையில் செவிலியர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பீடி சுற்றும் ஓர் அம்மா, ஐம்பது தாண்டியவர், "நின்றுபோன தீட்டு திரும்ப வருகிறது, உடம்புச் சூடு" என்று சொல்லி வந்தார். புள்ளிகள் இருந்தன, ஒன்றில் காய்ந்த ரத்தமும் இருந்தது. இதுதான் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் மாதவிலக்கு நின்றவருக்குத் துளி ரத்தம் பட்டாலும் கர்ப்பப்பையைப் பார்க்காமல் விடக்கூடாது. கண்ணுக்கு முன்னால் ஒரு காரணம் கிடைத்துவிட்டதற்காக உள்ளே தேடாமல் இருப்பது சோம்பல். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். நல்லவேளை, அங்கே எதுவும் இருக்கவில்லை.

அதே போல, ஒற்றையாக, கன்னங்கரேலென்று, விளிம்பு கோணலாக வளர்ந்துகொண்டே போவதைக் கண்டால் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுவேன். ஒரே ஒரு முறை ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்தான். இடுப்பிலிருந்து தொடை வரை, தொப்புளைச் சுற்றி, எண்ண முடியாத புள்ளிகள். கை கால் எரிகிறது என்றான். வேலூர் வெயிலில் எனக்கு வேர்க்கவே வேர்க்காது என்று பெருமையாக வேறு சொன்னான். என் வயிற்றில் புளி கரைத்தது. 1898இல் விவரிக்கப்பட்ட ஃபாப்ரி என்ற பரம்பரை நோய் இப்படித்தான் வரும், போகப் போகச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பிடிக்கும். அன்றே மேல்சிகிச்சைக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பையனின் அப்பாவிடம் நான் மென்மையாகக்கூட "ஒன்றுமில்லை" என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மருவுக்கு வைப்பது போல இதற்கும் சுண்ணாம்பும் துணி சோப்பும் குழைத்து வைத்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நூல் கட்டி இறுக்கியவரையும் பார்த்திருக்கிறேன். எல்லோருமே படிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், நூல் கட்டியவர் வேதியியல் ஆசிரியர்.

தரம் பிரிக்கும் பெரியவர் அடுத்த வருடம் கால் ஆணிக்காக மறுபடியும் வந்தார். இந்த முறை டோக்கனை விட்டுக்கொடுக்கவில்லை. கூடவே மனைவியும் வந்திருந்தார். கால் ஆணியைப் பார்த்து முடித்ததும் அந்த அம்மா, "அப்படியே அந்தக் கேழ்வரகையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் டாக்டரம்மா, கூடியிருக்கிறதா என்று" என்றார். பெரியவர் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"ரத்தம் ஏதாவது பட்டதா?" என்று கேட்டேன்.

"ஒரு பொட்டுகூட இல்லை" என்றார் அந்த அம்மா. "ஆனாலும் வேட்டியை இன்னமும் அவரேதான் துவைத்துக்கொள்கிறார். அது தேவையில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்."

நான் சொல்லவில்லை.