முன் டிஸ்க் உரசல்: சிக்கல் சீலுக்குப் பின்னால் இருந்தது

என் பைக்கின் முன்சக்கரம் இப்போது ஒரு விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் அதைத் தொடும் மெல்லிய சத்தம் மட்டும் சீராகக் கேட்கிறது. அது இருக்க வேண்டியதுதான். டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்கத் தனி ஸ்பிரிங் கிடையாது, அதனால் லேசான உரசல் எப்போதும் இருக்கும். ஆனால் என் வண்டியில் இருந்தது அந்த லேசான உரசல் இல்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வேகமாகச் சுழற்றிவிட்டாலும் அரைச் சுற்றோடு நின்றுவிடும். லிவரை ஒரு தடவை நன்றாக அழுத்தி விட்டுவிட்டுச் சுற்றினால் இன்னும் இறுக்கம்.

இந்தச் சோதனையே லிவரை அழுத்தி விட்ட பிறகு செய்தால்தான் செல்லும். வண்டியைத் தள்ளி நிறுத்தும்போதும் ஸ்டாண்டில் ஏற்றும்போதும் டிஸ்க்கின் சின்ன ஆட்டமே பேடைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்படியே சுற்றிப் பார்த்துவிட்டு 'ஃப்ரீயாத்தான் இருக்கு' என்று முடிவு செய்தால் எதையும் சோதித்ததாக ஆகாது.

ஓட்டிப் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். முன் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, பின் பிரேக்கிலேயே நிறுத்தி, டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன். சுரீர் என்று ஆவியானது. பிரேக்கே பிடிக்காமல் டிஸ்க் 100 டிகிரியைத் தாண்டியிருக்கிறது என்றால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லை. அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: பளபளக்கும் டிஸ்க்கின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். பேடின் பின்தகட்டிலோ, பேட்களைத் தாங்கியிருக்கும் காலிப்பரின் உடம்பிலோ பாருங்கள்.

பேட்களைக் கழற்றி அளந்தேன். பின்தகட்டை விட்டுவிட்டு உராயும் பொருள் மட்டும், பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் பக்கத்தில் 1.8 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கத்தில் 3.1. இரண்டும் ஒரே நாளில் போட்டவை. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரிவது எதிர்ப்பக்க பேட்தான், அது 'இன்னும் நிறைய இருக்கிறது' என்று நம்ப வைக்கும். தேய்ந்து போனது உள்ளே ஒளிந்திருக்கும். பல வண்டிகளில் 1 மில்லிமீட்டரோ, பேடில் வெட்டியிருக்கும் தேய்மானக் கோடோதான் எல்லை. என் பேட் எல்லைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதே நோயின் அடையாளம்.

ஒற்றைப் பக்க பிஸ்டன் உள்ள, தானே நழுவி மறுபக்க பேடை அழுத்தும் மிதக்கும் காலிப்பரில் பிஸ்டன் பக்கம் மட்டும் தேய்ந்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது, காலிப்பர் நழுவும் கம்பியான ஸ்லைடு பின்னில். நானும் அப்படித்தான். கழற்றிப் பார்த்தால் ஸ்லைடு பின் சுத்தம், துரு இல்லை, ரப்பர் பூட் கிழியவில்லை, காலிப்பர் கையோடு நழுவி வருகிறது. கிரீஸை மட்டும் துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸ் போட்டேன். சாதாரண பேரிங் கிரீஸ் அங்கே வேண்டவே வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் போகும். திரும்ப மாட்டிச் சுற்றினால் அதே இறுக்கம்.

அடுத்தது நிப்பிள் சோதனை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஒரே அசைவில் பாதி வழியைக் குறைத்துவிடும். லிவரை அழுத்தி விடுங்கள், சக்கரம் இறுகியிருக்கும்போதே, காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ப்ளீடர் நிப்பிளைக் கால் திருப்பு திறங்கள். ஆயில் பீச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது லிவருக்கு அருகே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைத்திருக்கலாம், ஹோஸ் உள்ளே ஊதியிருக்கலாம், அல்லது லிவர் முழுதாகத் திரும்பாமல் மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். என் வண்டியில் ஆயில் வரவில்லை, சக்கரமும் விடவில்லை. ஆக, சிக்கல் காலிப்பருக்குள்ளேயே.

பிஸ்டன்களைக் கொஞ்சம் வெளியே வரவழைத்து, சுற்றிலும் துணி நாடாவைப் போட்டு இழுத்துத் தேய்த்து, பிரேக் ஆயில் தடவி உள்ளே தள்ளும் வேலை எல்லோரும் செய்வதுதான். அது சில நாள் தாங்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். ஏன் என்று முழுதாகப் பிரித்தபோதுதான் கண்ணால் பார்க்க முடிந்தது.

பிஸ்டனைத் திரும்ப இழுப்பது அதைச் சுற்றி ஒரு காடியில் (பள்ளத்தில்) உட்கார்ந்திருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல் ஒன்றுதான். லிவரை அழுத்தும்போது பிஸ்டன் ஒரு மில்லிமீட்டரின் சின்னப் பங்குதான் நகர்கிறது. அதைப் பிடித்திருக்கும் சீல் கூடவே முறுக்கிக்கொண்டு வளைகிறது. அழுத்தம் போனதும் சீல் நிமிர்கிறது, பிஸ்டனையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. சீல் வளைய இடம் வேண்டும் என்றுதான் காடியின் ஒரு விளிம்பைச் சரிவாக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காடிக்குள் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடி சேர்ந்தால் இரண்டு கேடு. சீல் பிஸ்டனை நோக்கித் தள்ளப்பட்டு அதை இறுக்கிப் பிடிக்கிறது, வளைந்து நிமிர இடமும் இல்லாமல் போகிறது. பிஸ்டனை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் இது தீராது.

என் காலிப்பரில், வெளித் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலின் காடி முழுக்க வெள்ளைப் பாறை. உள்ளே ஆயில் சீல் காடியில் அவ்வளவு இல்லை, ஆனால் மூலைகளில் இருந்தது. பழைய சீலை அப்படியே விட்டு விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு பக்கம் சுவரோடு சமமாக, இன்னொரு பக்கம் புடைத்துக்கொண்டு.

அந்தக் காடியைச் சுத்தம் செய்வதுதான் மொத்த வேலையிலும் முக்கால்வாசி. பல் மருத்துவர் பயன்படுத்தும் கொக்கி ஊசியைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயில் சீல் பிஸ்டனோடு மட்டுமல்ல, காடியின் அடிப்பரப்போடும் ஒட்டித்தான் கசிவைத் தடுக்கிறது. எஃகு முனை அங்கே ஒரு கோடு கிழித்தால் அது கசிவுக்கு வழி. பித்தளை மென்மையானது என்பார்கள், அதுவும் அலுமினியத்தைக் கீறும். நான் பழைய பல் பிரஷ்ஷின் கைப்பிடியை உப்புத்தாளில் தேய்த்து, காடியின் அகலத்துக்குச் சரியாக, முனையைச் சதுரமாக ஆக்கிக்கொண்டேன். சதுரம் முக்கியம். உருண்டை முனை நடுவை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மூலையை அப்படியே விட்டுவிடும், பொடி கெட்டியாக உட்கார்ந்திருப்பது அந்த மூலையில்தான். முனை மழுங்கினால் திரும்பத் தீட்ட வேண்டும். பிடிவாதமான இடங்களுக்குக் கெட்டி மூங்கில் குச்சி, பிரேக் கிளீனரில் ஊறவிட்டு, மறுபடி குச்சி. காலிப்பரைச் சாய்த்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால் மிச்சம் இருக்கும் வெள்ளை தனியாகத் தெரியும். மந்தமான சாம்பல் உலோகம் சுற்றிலும் ஒரே மாதிரி தெரியும்வரை விடக்கூடாது. அவசரப்படுபவர்களுக்கு இந்த வேலை சரிவராது, ஆனால் இதைச் செய்யாமல் புது சீல் போடுவது வீண் செலவு.

புது சீல் கிட் வாங்கும்போது ஒன்று. காலிப்பரின் பிஸ்டன் விட்டத்தை அளந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள், வண்டிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாடலில் இடையில் காலிப்பரை மாற்றியிருக்கலாம். நான் முதலில் வாங்கிய மலிவான கிட்டில் சீலின் விளிம்பில் வார்ப்புப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது, அதைக் காடியில் வைக்க மனம் வரவில்லை. பிரேக்கில் இப்படி ஒரு பொருளை விற்பது எரிச்சலாக இருக்கிறது. காலிப்பர் தயாரிப்பாளரின் கிட்டையே வரவழைத்தேன்.

புது சீல், காடி சுத்தம், பிஸ்டனில் புது பிரேக் ஆயில் தடவியாயிற்று. கட்டைவிரலால் அழுத்தினேன், நேராக வழுக்கி உள்ளே போனது. இதுதான் அளவுகோல்: கிளாம்பு தேவைப்பட்டால் காடி இன்னும் சுத்தமாகவில்லை. அந்த வழுக்கலைக் கையில் உணர்ந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

சக்கரத்தை மாட்டும்போது இன்னொரு விஷயம். ஆக்ஸிலை ஃபோர்க் அடியில் பிஞ்ச் போல்ட் (இறுக்கிக் கவ்வும் போல்ட்) பிடிக்கும் வண்டிகளில், ஆக்ஸிலை இறுக்கியதும் உடனே பிஞ்ச் போல்ட்டை இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைச் சிலமுறை அமுக்கி விட்டு, ஃபோர்க் கால் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் ஃபோர்க் கால் உள்ளே இழுபட்டு, காலிப்பர் கோணலாக நின்று, செய்த வேலையெல்லாம் போய் புது உரசல் வரும்.

டிஸ்க்கின் தடிமனையும் பார்த்தேன். குறைந்தபட்சம் 3.5 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது, மைக்ரோமீட்டரில் பல இடங்களில் 3.8. வெர்னியர் இதற்கு உதவாது. ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பின் மேல் அதன் தாடை உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் புதிதாகக் காட்டிவிடும். டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் வாங்க வேண்டும். பல கையேடுகள் 0.3 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன.

இப்போதைக்குப் பழைய பேட்கள்தான் உள்ளே. புது பேட் வரவேண்டும். பின்தகட்டில் எச்எச் என்று பொறித்த பேடாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் பிடிப்பு, இரண்டாவது சூட்டில் பிடிப்பு, எச் என்றால் உராய்வு எண் 0.55-க்கு மேல், ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இதைப் பார்க்காமல் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

அடுத்து பின் காலிப்பர். அங்கே செயினின் இழுவையும் சேர்ந்து குழப்பும், அதனால் செயினைக் கழற்றிவிட்டுத்தான் சுற்றிப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன் முன்பக்க ப்ளீடிங்கை, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலையை, முடிக்க வேண்டும். லிவர் கடைசியில் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, காற்று மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டில்தான் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி அந்த இணைப்பை உயரத்தில் வைத்து, புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, அங்கிருந்தே காற்றை எடுத்துப் பார்க்கிறேன்.