மகன் சிகிச்சையில் இருந்தபோது எனக்குக் கிடைத்த உதவி

மகன் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டான் என்று தெரிந்த பிறகு வீட்டில் எந்தப் பேச்சும் அவனைப் பற்றித்தான். அப்பாவான எனக்குத் தூக்கம் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "நீங்க தைரியமா இருங்க" என்பதோடு சொந்தக்காரர்கள் முடித்துக்கொண்டார்கள்.

அவனைப் பார்த்த ஆலோசகர்தான் என்னையும் ஒரு குடும்பக் குழுவுக்குப் போகச் சொன்னார். நார்-அனான் என்று பெயர். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக 1951-ல் தொடங்கிய அல்-அனான் வழியில், போதைப்பொருளால் அவதிப்படும் குடும்பங்களுக்காக நடப்பது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம், பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டிருக்கலாம். வந்திருந்தவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள். ஒரு கூட்டத்தில் என் வயதுள்ள ஒருவர், "ராத்திரி போன் அடிச்சா எடுக்கவே கை வரல" என்றார். எனக்கும் அதே நிலைதான். அன்றுதான் வாய் திறந்தேன்.

"இதை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது" என்று அங்கே அடிக்கடி சொல்வார்கள். அந்த முதல் பாதி எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதைக் கேட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்கக் குடும்பத்தினருக்குக் கற்றுத்தரும் கிராஃப்ட் என்ற பயிற்சியை ஆலோசகர் தந்தார், ராபர்ட் மையர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கியது. மகன் தெளிவாக இருக்கும் நேரத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது, போதையில் வந்தால் சண்டை போடாமல் விலகிவிடுவது, அவனுடைய கடனை நான் அடைக்காமல் இருப்பது, 'சரிப்பா, போகலாம்' என்று அவன் சொல்லும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போகத் தயாராக இருப்பது. இதில் கடன் விஷயம்தான் நெஞ்சை அறுத்தது. பெற்ற பிள்ளை கெஞ்சும்போது முடியாது என்று சொல்ல, முந்தின நாள் குழுவில் பேசிய தெம்பு வேண்டியிருந்தது.

அப்புறம் ஒன்று. இதை எல்லாப் பெற்றோருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும். ஹெராயினைச் சில காலம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாட்கள்தான் ரொம்ப ஆபத்து. நலோக்சோன் என்ற மருந்து அந்த நிலையை மாற்றும், மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருகிறது. ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். அது அடங்கியதும் மூச்சு மறுபடி குறையலாம் என்பதால், கண் விழித்துவிட்டானே என்று விடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். எங்கள் குழுவில் அப்பாக்கள் இந்த ஸ்பிரேயை அடிக்கும் முறையைச் செய்து பார்த்தே பழகினோம்.

மகன் இப்போது மருத்துவர் மேற்பார்வையில் புப்ரெனார்ஃபின் எடுக்கிறான். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று' என்பவர்களிடம் நான் வாதாடுவேன். அது ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து, அவன் வேலைக்குப் போகிறான். நான் குழுவுக்குப் போவதை நிறுத்தவில்லை. மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கும் அப்பாக்களிடம் போய், "வாங்க, சும்மா உட்காருங்க, பேசணும்னு இல்ல" என்று சொல்வதை என் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.